இணையம் எட்டாத அறையும் தங்கவேலுவின் குரலும்

டிஸ்க் டிரைவின் தட்டு வெளியே வரும்போது ஒரு சத்தம் கேட்கும். முதலில் சின்னச் சிணுங்கல், அப்புறம் நீளமாய் ஒரு பெருமூச்சு, கடைசியில் ஒரு 'டக்'. போன வாரம் ஜோகுபாளையத்தில் பழைய சாமான் கடை ஒன்றைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். கடைக்காரர் எங்கிருந்தோ வந்த கம்ப்யூட்டர் ஒன்றுக்குக் கரண்ட் கொடுத்து உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு வெளியே வந்தது. நான் நின்றுவிட்டேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் ஆட்டோக்காரர் ஒருவர் நகரச் சொல்லிக் கன்னடத்தில் சத்தம் போட்டார். நகர்ந்தேன். ஆனால் கால் மட்டும்தான் நகர்ந்தது. மற்றதெல்லாம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், கண்ணாடி போட்ட ஓர் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டவன் நான். ஒரே இடத்தில் நெடுநேரம் உட்கார முடியாத சுபாவம். அப்படிப்பட்டவனுக்கு எப்படி அந்த ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் வேலை இத்தனை வருஷம் பொருந்தியது என்று எனக்கே தெரியவில்லை. சமீபத்தில் பழைய சகாக்கள் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்கள். அந்த அறைக்கும் இணைய இணைப்பு கொடுத்துவிட்டார்களாம். 'முன்னெல்லாம் நெட் இல்லாம புது சாஃப்ட்வேர எப்படி சார் போட்டீங்க?' என்று கேட்டிருந்தார்கள். ஒரு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு வரியில் வரவில்லை.

அந்த அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நோயாளிகளின் பேச்சையும் காது கேட்கும் திறனையும் பரிசோதிக்கும் பகுதி அது. சுவரெல்லாம் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சுப் பலகை. உள்ளே நுழைந்தால் நம் மூச்சு நமக்கே அந்நியமாய்க் கேட்கும். நடுவில் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் கம்ப்யூட்டர் ஒன்று, அதோடு இணைந்த மைக்குகள், கருவிகள். நோயாளிகளின் குரல் அவர்களுடைய உடம்பு மாதிரி, அது வெளியே போகக் கூடாது என்பது ஆஸ்பத்திரியின் விதி. ஆகவே அந்தக் கம்ப்யூட்டருக்கு இணையம் கிடையாது. வாசலில் செருப்பு விட ஒரு பலகை, போன் வைக்க ஒரு தட்டு. இரண்டையும் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே போன டிஸ்க் வெளியே வராது. காகிதம்கூட வராது. வெளியே சொல்லவேண்டியதை வாயால்தான் சொல்லவேண்டும், கதவருகில் நின்றுகொண்டு.

நான் தொழில் கற்றது கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில், டிப்ளமா முடித்த கையோடு, திருப்புளியும் வெப்பமும் தூசியுமாய். பத்திரிகையோடு இலவசமாய் வரும் லினக்ஸ் டிஸ்குகளைப் போட்டுப் போட்டு அழித்தே பாதி வயது போயிற்று. அதில் சொல்ல அதிகம் இல்லை. சொல்லவேண்டியது ஸ்டெல்லா மேடத்தைப் பற்றி.

எங்கள் பிரிவின் தலைவி. விவேக் நகர்க்காரர். வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் கோயிலுக்குப் போகச் சீக்கிரம் கிளம்புவார். மற்ற நாளெல்லாம் அவர் கிளம்புவதை யாரும் பார்த்ததில்லை. கீபோர்டைத் தொடுவதற்கு முன் வளையல்களைக் கழற்றி மேசை ஓரமாய் அடுக்குவார். திரையில் வந்த எழுத்து முழுவதையும் படிக்காமல் எந்தப் பொத்தானையும் அழுத்தமாட்டார். அழுத்திவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்ளும் எங்களைப் பார்த்து, 'என்னப்பா, ரயிலா கெளம்பிடுச்சு?' என்பார். ஒருமுறை பெரிய டாக்டர் ஒருவர் போனோடு உள்ளே வரப் பார்த்தபோது எழுந்து நின்று, செருப்போடு சேர்த்து அதையும் விட்டுவிடுங்கள் என்று மிக மரியாதையாகச் சொன்னார். டாக்டர் விட்டுவிட்டார். செருப்புக்கு மேலேயே போனை வைத்துவிட்டுப் போனார்.

மேடத்தின் சடங்குகளில் எனக்குப் பிடித்தது சரிபார்ப்பு. ஒரு கோப்பை இணையத்திலிருந்து இறக்கினால், அதற்குக் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எழுத்து வரிசை உண்டு. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் வரிசை முழுக்க மாறிவிடும். எல்லோரும் முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் பார்த்து 'சரி' என்று விட்டுவிடுவோம். மேடம் விடமாட்டார். அவர் ஒரு பக்கம் உட்கார்ந்து நாலு நாலு எழுத்தாய்ச் சத்தமாக வாசிப்பார், ஜெபமாலை உருட்டுகிற இழுப்பில். எதிரில் நான் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாலுக்கும் 'சரி' என்று சொல்லவேண்டும். மத்தியான வெயில் கண்ணாடியில் சாய்ந்து வரும். எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் உதிரும். எனக்குத் தூக்கம் வரும். தூக்கத்திலும் 'சரி' என்பேன். அவருக்கு அது தெரிந்துவிடும், முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

தங்கவேலுவும் சரோஜாவும் வந்தது ஒரு திங்கட்கிழமை.

தங்கவயல்காரர்கள். அவர் சுரங்கம் மூடும்வரை சுரங்கத்தில் இருந்தவர். அப்புறம் தினமும் ரயிலேறி வந்து வைட்ஃபீல்டில் ஓர் அபார்ட்மெண்ட் வாசலில் காவல் வேலை. தொண்டையில் புற்று. வெள்ளிக்கிழமை காலையில் குரல்பெட்டியை எடுத்துவிடப் போகிறார்கள். அதற்குப் பிறகு எழுதிக் காட்டிப் பேசிக்கொள்ளலாம் என்று மற்றவர்களுக்குச் சொல்வதை இவர்களுக்குச் சொல்ல முடியவில்லை. சரோஜாவுக்குச் சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போயிருந்தது. கணவர் என்பவர் அந்த அம்மாளுக்கு ஒரு குரல்தான்.

பேச்சுப் பயிற்சி டாக்டர் ஒரு வழி சொன்னார். போனில் எழுத்தைத் தட்டினால் போன் பேசும். சரோஜா அந்தக் குரலைக் கேட்டுப் பார்த்தார். வழவழவென்று ரேடியோ மாதிரி இருந்தது அது.

"யாரோ ஒரு ஆம்பள என் வூட்ல பேசிக்கினு கீற மாதிரி கீது டாக்டர்," என்றார். "நான் கதவ சாத்திக்கினு பயந்துக்கினு கெடக்கணும்."

இன்னொரு வழி இருந்தது. அவருடைய குரலையே பதிவுசெய்து, அதிலிருந்து பேசும் குரல் ஒன்றைக் கட்டுவது. எங்கள் அறையில் அதற்கு ஒரு மென்பொருள் இருந்தது, ஆனால் பழையது, தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த புதிய பதிப்பு வெளியாகியிருந்தது. சும்மா பதிவுசெய்து வைத்துக்கொண்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன். எந்த ஒலி போதவில்லை என்பது கட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும், அப்போது திரும்பக் கேட்க அவரிடம் குரல் இருக்காது என்றார் டாக்டர். வியாழக்கிழமைக்குள் அந்தப் புதிய பதிப்பு உள்ளே ஓடவேண்டும்.

செவ்வாய்க்கிழமை மேடம் வெளியறையில் இருந்த எங்கள் ஆபீஸ் மெஷினில் உட்கார்ந்து, வளையலைக் கழற்றிவைத்து, புதிய மென்பொருளையும் அது சார்ந்திருக்கும் மற்றவற்றையும் தானே இறக்கினார். டிஸ்கில் எழுதினோம். நாலு நாலாய் வாசித்துச் சரிபார்த்தோம். நான் உள்ளே போய்த் தட்டில் வைத்துத் தள்ளினேன். சிறிது நேரம் ஓடியது, நின்றது. இது இல்லை, அது இல்லை என்று திரையில் வரிசையாய் வந்தது.

கதவைக் கொஞ்சமாய்த் திறந்து ஒவ்வொரு பெயராய்ச் சொன்னேன். வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து மேடம் எழுதிக்கொண்டார். பக்கத்துப் பெஞ்சில் கணவனும் மனைவியும். 'லிப் ஏ சவுண்ட் இல்ல மேடம். லிப் ஸ்பீக்ஸ் இல்ல மேடம்.' பெயர்கள் அப்படித்தான் இருக்கும். லிப் என்றால் ஒரு நூலகம், பல மென்பொருள்கள் பொதுவாய்ப் பயன்படுத்துகிற துண்டு. தங்கவேலு கவனமாய்க் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் குரல் அப்போதே கரகரத்திருந்தது, ஜல்லி மேல் சைக்கிள் போகிற மாதிரி.

"யாரு மேடம் இவங்கெல்லாம்? வரேன்னு சொல்ட்டு வராத பார்ட்டிங்களா?"

சரோஜா அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, கம்முனு இருக்கச் சொன்னார்.

மேடத்துக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் தொழிலில் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. ஆபீஸ் மெஷினில் அந்த நூலகங்கள் ஏற்கெனவே இருந்தன. இருப்பதை யார் இறக்குவார்கள்? தனக்கு இல்லாததை மட்டும் அது வாங்கி வந்தது. உள்ளே இருந்த மெஷினுக்கு இல்லாதவை அதற்குத் தெரியாது. மேடம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"தப்பு என்னுது, சேகர். நல்லா வசதியா இருக்குற மெஷின்கிட்ட போய் உனக்கு என்ன வேணும்னு கேட்டிருக்கேன். எனக்கு ஒரு கொறையும் இல்லன்னு சொல்லியிருக்கு."

பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பி, இன்று முடியவில்லை, என் தவறுதான், நாளை வேறு மாதிரி செய்வோம் என்று அவர்களிடமும் அப்படியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. தங்கவேலு தலையாட்டினார். "பரவால்ல மேடம். அதுக்கென்ன, அதுவரிக்கும் பேசிக்கினு கீறேன்," என்றார். சரோஜா சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் மேடம் எழுந்து நடந்துவிட்டார்.

புதன்கிழமை மழை. ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு மெஷினைத் தூக்கிவந்து முழுக்கத் துடைத்தோம். உள்ளே இருப்பதில் எந்தப் பழைய டிஸ்கால் லினக்ஸ் போட்டார்களோ, அதே டிஸ்கின் இன்னொரு பிரதியை இரும்பு பீரோவிலிருந்து எடுத்து இதிலும் போட்டோம். இப்போது இதற்கும் அதே வறுமை, அதே குறைகள். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். கேட்டது பாருங்கள், மாசக்கடைசியில் மளிகைக்குப் போன வீடு மாதிரி. கேட்டதையெல்லாம் இறக்கி வைத்தோம்.

அப்போதும் முடியவில்லை. எல்லா மென்பொருளும் நிற்கிற அடித்தளம் என்று ஒரு நூலகம் உண்டு. புதிய பதிப்புக்கு அதுவும் புதிதாய் வேண்டுமாம். எனக்குப் பொறுக்கவில்லை. மாற்றிப் பார்ப்போம் என்றேன். பார், ஆனால் இதில் மட்டும் பார் என்றார் மேடம். மாற்றினேன். மெஷின் அப்படியே விறைத்துவிட்டது. கோப்புகளின் பட்டியல்கூடக் காட்டவில்லை. அறைக்குள் இருந்ததில் இப்படி ஆகியிருந்தால் காது பரிசோதனை, குரல் பரிசோதனை எல்லாமே போயிருக்கும். ஜன்னலுக்கு வெளியே மழையில் மெட்ரோ ஒன்று விளக்குகளோடு நழுவிப்போனது. எனக்கு அதில் ஏறி எங்காவது போய்விடலாம் போலிருந்தது.

மேடம் டீ குடித்துக்கொண்டே அந்தச் செத்த திரையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார், எங்கள் வீட்டில் அண்ணன் தம்பிகள் எப்படி இருக்கிறார்கள் என்று. மேலே ஒருவர் கீழே ஒருவர் என்றேன்.

"சமையல்?"

"அண்ணிக்கும் அம்மாவுக்கும் ஒத்து வரல மேடம். ஒரே வீடுதான். தனி அடுப்பு."

"அதான். பழைய அடுப்ப ஏன் தொடுற? அது பாட்டுக்கு எரியட்டும். புதுசா வந்ததுக்குத் தனி அடுப்பு வெச்சுக் குடு."

வேலை அதற்குப் பிறகு நேராய் ஓடியது. மெஷினை மறுபடி பழைய டிஸ்கால் போட்டு, அதில் தனியாய் ஒரு கோப்புறை அமைத்தோம். புதிய மென்பொருள், அதற்கு வேண்டிய எல்லா நூலகங்களும், புதிய அடித்தளமும் அதற்குள்ளேயே. கிளப்பும்போது, பொதுச் சமையலறைப் பக்கம் போகாதே, உனக்கு வேண்டியதெல்லாம் இங்கேயே இருக்கிறது என்று சொல்லிக் கிளப்ப ஒரு சின்னக் கட்டளைக் கோப்பு எழுதினேன். திரையில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாய் வந்தன. எழுத்துருவையும் கொண்டுவந்து அதே அடுப்பங்கரையில் சேர்த்தோம். ஓடியது. நான் கையைத் தட்டப் போனேன். மேடம் நெட்வொர்க் கேபிளைக் காட்டினார். பிடுங்கி மேசைமேல் வை, மெஷினை அணைத்து மறுபடி போடு என்றார். வைத்தேன். செத்த பாம்பு மாதிரி அது மேசைமேல் கிடந்தது. மெஷின் மறுபடி எழுந்தது. மென்பொருள் ஓடியது. "இப்பதான் ஓடுது," என்றார்.

வியாழக்கிழமை காலை, அந்தக் கோப்புறையை எழுதிய டிஸ்க் பெருமூச்சோடு உள்ளே போயிற்று. ஒரு புகார் இல்லை. பழைய பரிசோதனைகளையும் ஒவ்வொன்றாய் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தங்கவேலுவை உள்ளே கூப்பிட்டார் மேடம்.

திரையில் ஒவ்வொரு வாக்கியமாய் வரும். அவர் படிக்கவேண்டும். படிக்கப் படிக்க ஓரத்தில் பச்சைக் கோடுகள் வளரும், இந்த ஒலி போதும், இந்த ஒலி இன்னும் வேண்டும் என்று. பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து படித்தார். 'மலைமீது மேகங்கள் தவழ்கின்றன.' 'எனக்குத் தண்ணீர் வேண்டும்.' இடையிடையே வெந்நீர் குடித்தார். மதியத்துக்குள் போதுமான கோடுகள் பச்சையாயின. முழுக் குரல் கட்ட நாளாகும், ஆனால் கச்சாவாய் ஒன்றை உடனே கேட்கலாம். சரோஜாவைக் கூட்டிவந்து ஒலிபெருக்கிப் பெட்டிக்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்தோம். பெட்டி பேசியது. 'எனக்குத் தண்ணீர் வேண்டும்.'

சரோஜா தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி போடச் சொன்னார்.

"இது யாரு, நியூஸ் படிக்கிறவரா?"

சரோஜா பெட்டி இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"தொண்ட அவருதுதான் சார். ஆனா இவரு எப்ப தண்ணீர் வேண்டும்னாரு? தண்ணி எங்கடீம்பாரு. அதையும் கேட்டுக்கினே எய்ந்து போயி அவரே எட்த்துக்குவாரு."

தங்கவேலுவின் முகம் சின்னதாகிவிட்டது. இதுவும் இல்லை என்றால் இனி ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். நாளைக் காலை கத்தி. நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் திரையைப் படித்துக்கொண்டிருந்தார், மேலிருந்து கீழாக, ஒரு வரி விடாமல், வழக்கம்போல. புதிய பதிப்பில் மட்டும் ஒரு வசதி இருந்தது. நம் சொந்த வாக்கியங்களைச் சேர்க்கலாம். மேடம் அதில் விரலை வைத்தார். பிறகு சரோஜாவின் நாற்காலியை இழுத்துக் கணவரின் எதிரே போட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் பேசுங்க. எங்கள மறந்துடுங்க. சேகர் டைப் அடிச்சுக்குவான்."

என்னா பேசறது என்றார் அவர். தெனம் இன்னா பேசறியோ அத்த பேசு என்றார் அந்த அம்மாள். மாத்திரை போட்டியா என்று கேட்டார். போட்டேன் என்றார் அவர். பொய் சொல்றே என்றார் சரோஜா. அங்கிருந்து பிடித்துக்கொண்டது. மாத்திரையைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்த சங்கதி வெளியே வந்தது. அபார்ட்மெண்டில் பூனை காணாமல் போனதென்று ஒரு குடித்தனக்காரர் இவரை மாடி மாடியாய்ச் சுற்றவிட்ட கதை வந்தது. பூனை கடைசியில் அவர்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்ததாம். சரோஜா எத்தனையாவது தடவையாகவோ அதற்குச் சிரித்தார். மைத்துனன் பேச்சு வந்தபோது சண்டையே வந்துவிட்டது. அந்தச் சண்டையில்தான் பச்சைக் கோடுகள் மளமளவென்று ஏறின. காலையிலிருந்து பிடிவாதமாய் வெள்ளையாய்க் கிடந்த ஒலிகள் எல்லாம் மைத்துனன் புண்ணியத்தில் நிறைந்தன. நான் கேட்டபடியே அடித்துக்கொண்டிருந்தேன். இலக்கணம் பார்க்கவில்லை. 'வுட்டுத் தள்ளு.' 'பேஜாரு புடிச்சவன்.' 'நீ சாப்டியா மொதல்ல?' வெளியே வெயில் மஞ்சளாகி, சிவந்து, கண்ணாடியில் மெல்ல இறங்கியது. இரண்டு பேர் ஒரு நதியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது எனக்கு. நான் கரையில் எங்கோ ஒரு மரம். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நகராமல் உட்கார்ந்திருந்தது அன்றுதான்.

மேடம் அன்று கோயிலுக்குப் போகவில்லை.

மறுபடி கச்சாவாய்க் கட்டிப் போட்டோம். பெட்டி பேசியது. சரோஜா கேட்டார். கையை நீட்டிக் கணவரின் முகத்தைத் தேடி, கன்னத்தில் லேசாய் ஒரு இடி இடித்தார். மேடம் வளையல்களை ஒவ்வொன்றாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. ஒரு நோயாளியின் குரல் அந்த நோயாளியிடம் போகலாம் என்று விதியில் இடம் இருந்தது, ஆகவே முழுக் குரலும் தயாரானபின் அது அவருடைய போனுக்குப் போயிற்று. சளி பிடித்த நாள்மாதிரி இருக்கிறது, ஆனால் அவர்தான் என்று சரோஜா டாக்டரிடம் சொன்னாராம். மைத்துனனோடு சண்டையும் அந்தப் போன் வழியாகவே தொடர்கிறது என்று கேள்வி.

இப்போது யார் கேட்டாலும் புதிய மென்பொருளைப் பெட்டியோடு கட்டி அனுப்புகிறார்கள், எல்லாமே தனி அடுப்போடுதான் வருகிறது. நல்லதுதான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் அந்த வியாழக்கிழமையை நினைத்தால் அறையும் மெஷினும் மங்கிவிடுகின்றன. அன்று வேலை முடிந்தபின் வந்த கொஞ்ச நேரம்தான் தெளிவாய் இருக்கிறது.

அன்று சாயங்காலமே தங்கவேலுவை வார்டில் சேர்க்கவேண்டும். பக்கத்துக் கட்டடம். அவர்களை வழியனுப்ப நானும் மேடமும் கீழே இறங்கி வந்தோம். தங்கவேலு எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். பேசுவார் என்று நினைத்தேன், பேசவில்லை. மிச்சமிருந்த குரலை எதற்கோ வைத்திருக்கிறார் என்று தோன்றியது. நர்ஸ் ஒருவர் கோப்போடு காத்திருந்தார். பெண்கள் தங்கும் கூடம் வேறு பக்கம், சரோஜாவைக் கூட்டிப்போக ஓர் ஆயா வந்து கையைப் பிடித்தார். காலையில் கூட்டம், பார்க்கவிடுவார்களோ மாட்டார்களோ என்று ஆயா சொன்னார். எதாவது சொல்றதுன்னா சொல்லிடு என்றார் சரோஜா, முகத்தை வேறு எங்கோ வைத்துக்கொண்டு. தங்கவேலு தொண்டையைச் செருமினார். வராந்தா விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. ஆயாவோடு சரோஜா திரும்பி ஓர் அடி எடுத்துவைத்தார். அப்போது தங்கவேலு சட்டென்று முன்னால் வந்தார்.

"சரோ, அங்க படி கீது. ஒசரமா கீது, பாத்து எறங்கு."